மட்டக்களப்புக்கு எப்போது வரலாம், எப்படி வரலாம்: புதியவர்களுக்கான காலநிலை வழிகாட்டி

வேலை இடமாற்றம், பல்கலைக்கழக அனுமதி, திருமணம், கோயில் திருவிழா, சுற்றுலா என்று ஏதோ ஒரு காரணத்தால் முதன்முறையாக மட்டக்களப்புக்கு வரவிருப்பவர்கள், தங்களுக்குப் பழக்கமான ஊரின் பருவக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு திகதி குறிப்பதே பெரும்பாலான சிரமங்களுக்குக் காரணமாகிறது. கொழும்பிலும் காலியிலும் மழை கொட்டும் ஜூன் மாதத்தில் இங்கே வயல் வரம்புகள் வெடித்துக் கிடக்கும். தெற்குக் கடற்கரையில் வெளிநாட்டுப் பயணிகள் வெயில் காயும் டிசம்பரில் இங்கே முற்றத்தில் தண்ணீர் நிற்கும். ஆகவே, நாட்டின் மறுகரையைப் பற்றிக் கேட்டறிந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு, கீழே சொல்லப்படும் ஒழுங்கில் திட்டமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது படி: மாரியா, கோடையா என்று தீர்மானியுங்கள்

மட்டக்களப்பின் ஆண்டு மழைவீழ்ச்சி சராசரியாக ஏறக்குறைய 1,650 மில்லிமீற்றர். இதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. நவம்பர், டிசம்பர் ஆகிய இரண்டு மாதங்களில் மட்டும் கிட்டத்தட்ட அரைவாசி மழை விழுகிறது. மாறாக, ஜூன் மாதம் முழுவதற்கும் சேர்த்து 25 மில்லிமீற்றர் அளவிலேயே மழை கிடைக்கும். மாரியில் ஒரே இரவில் அதைப்போலப் பல மடங்கு பெய்வதுண்டு. ஆண்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்க இந்த வேறுபாடு ஒன்றே போதும்.

இதன் காரணத்தை அறிந்துகொண்டால் நாள் பார்ப்பது எளிதாகும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது வரண்டு சூடேறிவிடுகிறது. எங்கள் மக்கள் கச்சான் என்று அழைப்பது இந்தக் காற்றைத்தான். கச்சான் வீசும் நாட்களில் பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியஸைத் தாண்டும். உதடு வெடிக்கும், துவைத்த துணி அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். டிசம்பர் முதல் வீசும் வடகீழ் பருவக்காற்றான வாடையோ வங்காள விரிகுடாவின் ஈரத்தை நேரே எங்கள் கரைக்குக் கொண்டுவருகிறது. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

இரண்டாவது படி: வரும் நோக்கத்துக்கு ஏற்ற மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

கடற்குளிப்புக்காக வருவோருக்கு ஏப்ரல் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் வரையிலான காலமே உரியது. பாசிக்குடாவின் ஆழமற்ற குடாக்கடல் இக்காலத்தில் அமைதியாக இருக்கும்; சிறுவர்களோடு செல்வோர் அங்கேயே செல்லவேண்டும். கல்லடிக் கடற்கரை நடப்பதற்கும் மாலையில் அமர்ந்திருப்பதற்கும் அருமையான இடம். ஆயினும் அது திறந்த கடல்; கரையோரத்திலேயே ஆழம் சட்டென்று கூடிவிடும், உள்ளிழுக்கும் நீரோட்டமும் உண்டு. மாரியில் அங்கே கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே புத்தி. அம்பாறை மாவட்டத்தின் அறுகம்பை, அலைச்சறுக்கு விளையாட்டுக்காக மே முதல் ஒக்டோபர் வரை நிரம்பி வழியும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையிலான நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தையும் இக்காலத்தில் ஒரே பகலில் சென்று திரும்பலாம். ஆனால் அறுகம்பையில் தங்குவதாயின் விடுதியை முன்கூட்டியே ஒழுங்கு செய்யாமல் புறப்படவேண்டாம். சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் படகில் சென்று யானைகளைக் காண விரும்புவோர் மார்ச் முதல் ஜூலை வரையிலான காலத்தைத் தெரிவு செய்யலாம்.

திருவிழாக்களும் பெரும்பாலும் கோடையிலேயே வருகின்றன. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குகள் ஊர் ஊராக நடைபெறும். பூரணையை ஒட்டிய திருக்குளிர்த்தி என்ற நிறைவுச் சடங்குக்கு வெளியூர்களில் வாழ்பவர்கள்கூட வீடு திரும்புவார்கள். ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்திலும் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்திலும் தீர்த்தம். உகந்தை வழியாகக் காட்டுக்குள் சென்று கதிர்காமத்தை அடையும் பாதயாத்திரையும் கோடையில்தான். அமாவாசையும் பூரணையும் ஆண்டுக்கு ஆண்டு வேறு திகதிகளில் வருவதால், சென்ற ஆண்டின் நாட்காட்டியைப் பார்த்துத் திகதி குறிக்காமல், ஆலயத்தின் அவ்வாண்டு அறிவித்தலைப் பார்த்த பின்னரே விடுமுறைக்கு விண்ணப்பியுங்கள். இந்நாட்களில் நகரில் அறை கிடைப்பது கடினம். உறவினர் வீடோ நண்பர் வீடோ இருந்தால் அதுவே நல்லது.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைக் கேட்க விரும்புவோரும் கோடையையே நாடவேண்டும். காற்றடங்கிய பூரணை இரவில், கல்லடிப் பாலத்துக்கு அண்மையில், தோணியில் சென்று துடுப்பை நீருக்குள் விட்டு அதன் மறுமுனையைக் காதோடு ஒட்டிக் கேட்பது எங்கள் வழக்கம். வாவியில் வெள்ளம் ஓடும் மாரியில் இது நடவாது.

மாரியில் வரவே கூடாதா என்று கேட்பவர்களுக்கு, வரலாம் என்றே சொல்வேன். ஜனவரி இறுதிக்குப் பின் மழை படிப்படியாகக் குறைந்து, பெப்ரவரியில் காற்று இதமாக இருக்கும். பெரும்போக அறுவடையும் அப்போதுதான். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை முழுவதும் பொன்னிறமாக விளைந்து நிற்பதைக் காண அதைவிட ஏற்ற மாதம் இல்லை. என் விருப்பத்தைக் கேட்டால், வெயிலும் மழையும் உறுத்தாத பெப்ரவரி இறுதியையும் மார்ச் மாதத்தையுமே முதலாவதாகச் சொல்வேன். இக்காலத்தில் வீதியோரங்களில் நெல் காயப்போட்டிருப்பார்கள். வாகனம் ஓட்டுவோர் வேகத்தைக் குறைத்து விலகிச் செல்லவேண்டும். தவிர்க்கக்கூடியவர்கள் தவிர்க்கவேண்டியது நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரையிலான இரண்டு மாதங்களையே. தைப்பொங்கலோடு மழை ஓய்ந்துவிடும் என்ற எண்ணத்தையும் முழுமையாக நம்பிவிடவேண்டாம். 2011 ஆம் ஆண்டின் பெருவெள்ளம் ஜனவரியில் ஒரு தடவையும் பெப்ரவரியில் மீண்டும் ஒரு தடவையும் வந்தது.

மூன்றாவது படி: வழியைத் தெரிவு செய்யுங்கள்

கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு நேரடிப் புகையிரதம் உண்டு. மாகோ, கல் ஓயா, பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக வரும் இப்பயணத்துக்கு ஏறத்தாழ எட்டு, ஒன்பது மணித்தியாலங்கள் ஆகும். பகலில் உதயதேவியும் இரவில் பாடுமீனும் பலரும் அறிந்த பெயர்கள். சித்திரைப் புத்தாண்டு, ஓகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகள், பூரணை விடுமுறையோடு சேரும் நீண்ட வாரஇறுதிகள் ஆகியவற்றில் ஆசனங்கள் விரைவாக முடிந்துவிடும் என்பதால், முன்பதிவு தொடங்கும் நாளிலேயே பதிந்துவிடுங்கள். புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிவடைகிறது. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் செல்வோர் இங்கிருந்து பேருந்தில் ஏறவேண்டும். காட்டு யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் பகுதிகள் வழியில் இருப்பதால் இரவுப் புகையிரதங்கள் தாமதமாவது வழமை. நேர்முகத் தேர்வு, பரீட்சை போன்றவற்றுக்கு வருவோர் ஒரு நாள் முன்னதாகவே வந்து சேரவேண்டும்.

தரைவழியில் நான்கு திசைகளிலிருந்து வரலாம். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருவோர் பெரும்பாலும் ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி வழியாக வருகிறார்கள். திருகோணமலையிலிருந்து வெருகல், வாகரை வழியாகக் கரையோர வீதி இருக்கிறது. பதுளையிலிருந்து பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடியில் வந்து இறங்கலாம். தெற்கிலிருந்து மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக வரலாம். கோடையில் இவற்றுள் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். மாரியில் இந்தத் தெரிவு பயணத்தையே தீர்மானித்துவிடும் என்பதால் அடுத்த படியைச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது.

நான்காவது படி: மாரியில் மழையை மட்டும் பார்க்காமல், தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்

புதியவர்கள் கைத்தொலைபேசியில் மட்டக்களப்பு நகரத்தின் மழை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, நாளை மழை இல்லை, புறப்படலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அது பாதிக் கணக்கு. எங்கள் வீதிகளை மூடும் வெள்ளத்தில் பெரும்பகுதி, வேறு எங்கோ பெய்த மழையால் வருவது. மலைநாட்டில் பெய்யும் மழை மகாவலி வழியாக இறங்கி, பொலன்னறுவைக்கும் மன்னம்பிட்டிக்கும் இடையில் கல்லெல்லப் பகுதியில் பிரதான வீதியை மேவி ஓடும். அதே ஆற்றின் நீர் வெருகல் பக்கத்தையும் மூழ்கடிக்கும். அப்போது மட்டக்களப்பில் வானம் வெளித்துக்கூட இருக்கலாம். மேற்கே உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்கள் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்படும்போது படுவான்கரையின் தாழ்நில வீதிகளுக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது. மாதுறு ஓயாவின் நீர் பெருகினால் கிரானுக்கு அப்பால் புலிபாய்ந்தகல் வீதி மூழ்கி, அங்கே படகுச் சேவை தொடங்கும். ஆசிரியர்களும் தாதியரும் முழங்காலுக்கு மேல் உடுப்பை மடித்துக்கொண்டு படகில் ஏறுவார்கள். மோட்டார் சைக்கிள்களை இருவர் மூவராகத் தூக்கி ஏற்றுவார்கள். மறுகரையில் இறங்கி, மீண்டும் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். அப்பகுதிக்கு நியமனம் பெற்று வருவோர், மாரியில் தங்குவதற்கு ஆற்றுக்கு அப்பாலேயே ஓர் இடத்தை முதலிலேயே பேசிவைக்கவேண்டும்.

வாவியின் அமைப்பையும் அறிந்திருக்கவேண்டும். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி, கடலோரமான எழுவான்கரையையும் வயலும் குளமும் நிறைந்த படுவான்கரையையும் பிரிக்கிறது. இந்த வாவிக்குள் வந்து சேரும் வெள்ளம் முகத்துவாரங்களின் ஊடாகவே கடலுக்கு வடியவேண்டும். கோடையில் மணல் திரண்டு ஆற்றுவாய் அடைபட்டிருக்கும். மாரியில் நீர்மட்டம் உயர்ந்ததும் உரிய அதிகாரிகள் அதை வெட்டிவிடத் தீர்மானிப்பார்கள். அவ்வாறு வெட்டப்படும் வரை தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் தேங்கும். வெட்டிய பின் வாவியின் நிறம் மாறி, ஆற்றுவாழைக் கூட்டங்கள் தீவுகளைப்போல மிதந்து கடலை நோக்கிப் போவதைப் பாலங்களில் நின்று பார்க்கலாம். அந்த நாட்களில் வாவியில் தோணிச் சவாரி கேட்கவேண்டாம். முதலைகள் இருக்கும் வாவி என்பதால், எந்தப் பருவத்திலும் கரையில் இறங்கிக் குளிப்பதும் கூடாது.

பாலங்கள் இருப்பதால் இப்போது முன்பைப்போலப் படுவான்கரை முற்றாகத் துண்டிக்கப்படுவதில்லை. 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தையும், பட்டிருப்புப் பாலம் களுவாஞ்சிகுடிக்கு எதிரேயுள்ள ஊர்களையும், வலையிறவுப் பாலம் வவுணதீவையும் எழுவான்கரையோடு இணைக்கின்றன. பாலத்தைக் கடந்த பிறகு வரும் தாம்போதிகளும் (நீர் மேலால் வழிந்தோடும் தாழ்ந்த பாதைகள்) வயல் வீதிகளுமே தண்ணீருக்குள் போகின்றன. அம்பாறை மாவட்டத்தில் கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதி ஒவ்வொரு மாரியிலும் இப்படி மூழ்குவதை நாங்கள் அறிவோம்.

தாம்போதியின் மேல் ஓடும் நீரைக் கடக்கும் விடயத்தில் மட்டும் யாருடைய துணிவையும் நம்பவேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். 2024 நவம்பரில் காரைதீவுக்கு அருகே, மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, கடந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கும் வாகனம். தேங்கி நிற்கும் தண்ணீரும் குறுக்கே ஓடும் தண்ணீரும் ஒன்றல்ல. வீதியின் விளிம்பு தெரியவில்லை, நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இழுத்து ஓடுகிறது என்றால், அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது, திரும்பிச் செல்லவேண்டும். பேருந்துச் சாரதி கடக்க முற்பட்டாலும் இறங்கிவிடும் உரிமை உங்களுக்கு உண்டு.

எனவே மாரிப் பயணத்துக்கு முதல் நாளும் புறப்படும் காலையும் பார்க்கவேண்டியவை மூன்று. வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலும் வெளியிடும் அறிக்கையில் கிழக்கு மாகாணத்தை மட்டுமல்லாமல் மத்திய, ஊவா மாகாணங்களுக்கான பகுதியையும் வாசியுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள எச்சரிக்கையில் மகாவலி, மாதுறு ஓயா, முந்தனையாறு ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னர், வழியிலுள்ள ஊரில் வாழும் ஒருவரை அழைத்து, தண்ணீர் வீதிக்கு ஏறியிருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். இந்த மூன்றாவது தகவலே பெரும்பாலும் மிகச் சரியானதாக இருக்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பதுளை வழியை நவம்பர், டிசம்பரில் தவிர்ப்பது நல்லது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலையகமெங்கும் ஏற்பட்ட மண்சரிவுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. மாரியில் வளைவும் சரிவும் இல்லாத பொலன்னறுவை வழியே முதல் தெரிவு. அது மூழ்கியிருந்தால் ஒரு நாள் பொறுப்பதே அடுத்த தெரிவு.

தாழமுக்கம் வலுவடைந்து புயலாக மாறக்கூடும் என்று அறிவிக்கப்பட்டால் வேறு ஆலோசனைக்கே இடமில்லை, பயணத்தை ஒத்திவையுங்கள். 1978 நவம்பர் 23 ஆம் திகதி கரையைக் கடந்த சூறாவளியை நேரில் கண்டவர்கள் இன்றும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்ததையும் கூரைகள் பறந்ததையும் அவர்கள் வாயால் கேட்ட எவரும் புயல் எச்சரிக்கையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

ஐந்தாவது படி: நாளின் மணித்தியாலங்களைப் பங்கிடுங்கள்

கோடையில் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை வெளி வேலைகளை முடித்துவிடுங்கள். நண்பகலில் கடற்காற்று ஏறத் தொடங்கினால் எழுவான்கரையில் சற்றுத் தணியும். வாவிக்கு அப்பால் அந்தக் காற்று வலுவிழந்துவிடுவதால் படுவான்கரையில் பிற்பகல் முழுவதும் அனல் அடிக்கும். கொக்கட்டிச்சோலைக்கோ மண்டூருக்கோ செல்வோர் காலையிலேயே போய் வருவது இதனால்தான். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே நிற்கும். குழந்தைகளையும் முதியவர்களையும் நண்பகலில் வெளியே அழைத்துச் செல்லவேண்டாம். இளநீர், மோர், தண்ணீர் மூன்றையும் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அருந்துங்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் கரையோரக் கிணறுகள் சில உவர்க்கும் என்பதால், வீடு வாடகைக்கு எடுப்போர் குழாய்நீர் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டறியவேண்டும்.

இடைப்பருவ மாதங்களில் மாலை மூன்று, நான்கு மணிக்கு மேற்கே கருமேகம் திரண்டால், வயல்வெளியிலும் வாவியிலும் திறந்த கடற்கரையிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் சென்றுவிடவேண்டும். இடியோசை காதில் விழுகிறதென்றால் மின்னல் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

உடைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எப்பருவத்திலும் பருத்தி உடையே போதும். மாரியில் காற்றோடு மழை அடிப்பதால் குடையைவிட மழைக்கோட்டு உதவும். கோயில்களுக்குப் போக வேட்டியோ சேலையோ ஒன்று பையில் இருக்கட்டும். நுளம்பு வலை மட்டும் மாரியில் கட்டாயம். மழைக்குப் பிந்திய வாரங்களில் டெங்கு பரவும். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோலைத் தவிர வேறு வலி நிவாரணிகளை நீங்களாக எடுக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வெள்ளம் நின்ற வயலில் வெறுங்காலோடு நடப்பது எலிக்காய்ச்சலுக்கு வழிவகுக்கும்.

ஆறாவது படி: தங்குமிடத்தைக் கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

வாடகை வீடு தேடும் பலர் ஜூலை, ஓகஸ்ட்டில் வந்து, காய்ந்த முற்றத்தைப் பார்த்து முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டின் சுவரை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். வெள்ளம் நின்றிருந்தால், நிலத்திலிருந்து ஓர் அடி இரண்டடி உயரத்தில் மங்கிய பழுப்புக் கோடு ஒன்று, புதுப் பூச்சுக்குக் கீழேயும் தெரியும். அயல்வீட்டு அம்மாவிடம் மாரியில் எவ்விடம் வரை தண்ணீர் வரும் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வார். வீதியைவிடத் தாழ்ந்த வளவு, வடிகான் இல்லாத ஒழுங்கை, வயலை நிரப்பிப் புதிதாகக் கட்டிய வீடு ஆகிய மூன்றையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால், முதலில் மின்சாரத்தின் பிரதான ஆளியை நிறுத்துங்கள். அடையாள அட்டை, சான்றிதழ்கள், மருந்து, கைத்தொலைபேசி ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்கு முன் உயரமான இடத்துக்குச் செல்லுங்கள். வழமையாகப் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களுமே தற்காலிகத் தங்குமிடங்களாகின்றன. உங்கள் பிரிவின் கிராம உத்தியோகத்தருக்கு நீங்கள் அங்கே குடியிருப்பதே தெரியாவிட்டால் உலர் உணவுப் பட்டியலிலோ மீட்புப் பட்டியலிலோ உங்கள் பெயர் இருக்காது. ஆகவே குடிவந்த முதல் வாரத்திலேயே அவரைச் சந்தித்துப் பதிந்துகொண்டு, அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கி, 117 ஐயும் அவசர நோயாளர் காவு வண்டிக்கான 1990 ஐயும் அதனோடு சேர்த்துக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.